வெண்சாமரை ஈன்ற குட்டி

நலம் நிலைக்க. மழை பிழையாது பொழிக. ஏரி நிறைந்து இரு நாட்டுக் கன்றுகளும் ஒரே கரையில் நீர் அருந்துக.

கருங்குன்ற நாடு காக்கும் வேந்தர், மலைக்கோட்டைகள் அனைத்துக்கும் உரியவர், சொன்ன சொல் தவறாத நெடுங்கொற்றர் திருமுன்பு, மருதவாய் நாட்டுப் பேரரசி ஆழிமாதேவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் சாத்தன் பூதன் எழுதிய திருமுகம். வேந்தர் இதனை அமர்ந்து கேட்டருள வேண்டும் என்பது அரசியாரின் முதல் வேண்டுகோள். நின்றபடி கேட்கத்தக்க செய்தி அன்று இது.

போர் ஓய்ந்து வாளை உறையிலிட்ட அன்று இரு அரசும் பிணையுயிர் மாற்றிக்கொண்டது வேந்தர் அறிந்ததே. பெற்ற பிள்ளைகளைப் பிணையாக அனுப்பும் கொடுமை வேண்டாம் என்று, வீட்டில் செல்லமாய் வளர்ந்த ஓர் உயிரை அனுப்புவதும், அதன் வழிமரபு தழைக்கும் வரை உடன்படிக்கை நிற்பதும், வழி அற்ற அன்றே உடன்படிக்கையும் அற்றுப்போவதும் நம் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கு. அரசியாரின் புள்ளிமான் அங்கு வந்தது. தங்கள் திருமகளார் மடியில் வளர்ந்த வெண்சாமரை என்னும் பூனை இங்கு வந்தது.

அந்த வெண்சாமரை இறந்துவிட்டது. இச்செய்தியைச் சுற்றி வளைத்து மெல்லச் சொல்லும் பொருட்டு ஓலைநாயகம் ஓர் ஏடு முழுதும் எழுதி வைத்திருந்தான். அரசியார் அந்த ஏட்டைக் கிழித்தெறியப் பணித்து, உள்ளதை உள்ளபடியே எழுதச் சொன்னார்.

நடந்தது இது. அரண்மனைப் பின்கட்டில் குட்டிகள் ஈன்று கிடந்த வெண்சாமரையின் மேல் நாகம் ஒன்று சீறி வந்தது. அலறல் கேட்டு ஓடியவர்கள் கண்டது, பாம்பும் பூனையும் ஒன்றன்மேல் ஒன்றாய் மாண்டு கிடந்ததைத்தான். குட்டிகளுள் ஒன்று மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. கண் திறவாத, தொப்புள்கொடி காயாத, உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் நிறக் குட்டி. செய்தி கேட்ட அரசியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரு நாட்டின் அமைதியும் அந்தக் குட்டியின் மூச்சில் அல்லவா தொங்கிற்று!

இதன் பின் நேர்ந்த பிழை வேறெந்த நாட்டிலும் நேர்ந்திராது. பிணையுயிர் அரச குழவிக்குச் சமம் என்பது எங்கள் அரண்மனை முறை. ஆகவே தலைமைச் செவிலி கண்ணாத்தையார், அரச குழவிக்குச் செய்வன யாவற்றையும் ஒன்று விடாமல் அந்தக் குட்டிக்குச் செய்வித்தார். மங்கல வாத்தியம் முழங்க மஞ்சள் நீராட்டினார்கள். பன்னீர் தெளித்தார்கள். பொற்றொட்டிலில் மல்லாக்கக் கிடத்திப் பாலாடைச் சங்கால் பசும்பாலைப் புகட்டினார்கள். குட்டி திணறியது, மூக்கு வழியே பால் வந்தது, கத்துவதை நிறுத்தியது. தொட்டுப் பார்த்தால் உடல் சில்லிட்டிருந்தது. முதல் செம்பு மஞ்சள் நீரை ஊற்றியது அரசியாரின் திருக்கரமே. இதை எழுத ஓலைநாயகத்தின் கை கூசியது. எழுதியே தீர வேண்டும் என்பது ஆணை.

அவை கலங்கிற்று. புரோகிதர் ஈமச்சடங்குக்கு நேரம் பார்க்கத் தொடங்கினார். மூத்த அமைச்சர், கருங்குன்றத்தார் குட்டியின் நிறம் அறியார் ஆதலால் வேறொரு குட்டியைத் தேடித் தொட்டிலில் இடலாம் என்று தாழ்ந்த குரலில் விண்ணப்பித்தார். அரசியார் ஒரு கணம் அதற்குச் செவி சாய்த்தார் என்பதையும் வேந்தர் அறிக. பயம் யாரைத்தான் விட்டது!

அவ்வேளை எம் படைகளுக்கெல்லாம் தலைவரான ஏனாதி எயினனார் எழுந்து வந்தார். அவரை வேந்தர் நன்கு அறிவீர். தங்கள் அம்பு தைத்த தோளை இன்றும் முழுதாகத் தூக்க மாட்டாதவர் அவர். இந்த உடன்படிக்கை வேண்டவே வேண்டாம் என்று அவையில் இடி இடித்தாற்போல் முழங்கி, உடன்படிக்கை ஓலையில் தம் முத்திரையை இடாமல் எழுந்து போனவரும் அவரே. அந்த வெற்றிடத்தைச் சுட்டி வேந்தர் அனுப்பிய குறையோலைகள் இங்கே ஒரு பேழை நிறைய உள்ளன.

அந்த எயினனார் தொட்டிலுக்குள் கைவிட்டுக் குட்டியை எடுத்தார். வணங்கவில்லை, விடை கேட்கவில்லை; விறுவிறுவென்று வெளியேறினார். எஞ்சியிருந்த மூச்சையும் நிறுத்தித் தாம் விரும்பிய போரைத் தேடிக்கொள்ளப் போகிறார் என்றே அரசியார் எண்ணினார். பல்லக்குக்கும் காத்திராமல், காவலர் பின்தொடர நடந்தே சென்றார்.

கண்ட காட்சியை அரசியாரின் கண்கள் நம்ப மறுத்தன. படைவீட்டு மடைப்பள்ளியில் அடுப்பங்கரை ஓரம், கவசம் ஒரு மூலையில் கிடக்க, ஏனாதியார் வெறும் மார்பில் குட்டியை அணைத்து மேலே கம்பளியைப் போர்த்தி அமர்ந்திருந்தார். அரசியாரைக் கண்டும் எழவில்லை. எழுந்தால் குட்டிக்குச் சூடு விட்டுப்போகும் என்று மட்டும் விண்ணப்பித்தார். குளிர்ந்த உடலில் பால் இறங்காது, முதலில் சூடு, பிறகே பால் என்றார். சூடு ஏறியதும் குட்டியைக் குப்புறக் கிடத்தி, வெள்ளாட்டுப் பாலில் தோய்த்த பஞ்சுத்திரியை அதன் வாயில் வைத்தார். திரி மெல்ல அசைந்தது. சப்புகிறது, சப்புகிறது என்று அரசியார் தம் நிலை மறந்து கூவிவிட்டார்.

அடுத்ததை எழுதுவது முறையன்று என்று ஓலைநாயகம் மன்றாடிப் பார்த்தான், பயனில்லை. எயினனார் வெந்நீரில் நனைத்த துணியால் குட்டியின் பின்புறத்தை மெல்லத் தடவிக்கொடுத்தார். தாய் நாவால் தடவாத குட்டிக்குத் தானாக நீர் பிரியாது, வயிறு உப்பிச் செத்துப்போகும் என்று விளக்கினார். நாடு நடுங்கும் ஏனாதியார் பூனைக்குட்டிக்குக் கால் கழுவிவிடுகிறார்! காவலருள் ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

இக்கலையை எங்கே கற்றீர் என்று அரசியார் வினவினார். எயினனார் சொன்னதாவது: வேந்தரின் தந்தையார் எம் கோட்டையை முற்றுகையிட்டிருந்த நாளில், உள்ளே எஞ்சியிருந்த நெல்லை எலிகள் தின்று வந்தன. பூனைகளை ஏற்கெனவே மனிதர் தின்றுவிட்டனர். தாயை இழந்து கிடந்த ஒரு குட்டியை, அன்று வெறும் வீரனாயிருந்த எயினனார், தம் மார்பில் வைத்து இவ்வாறே வளர்த்தார். அது வளர்ந்து நெல்லைக் காத்தது. நெல் கோட்டையைக் காத்தது. தங்கள் தந்தையார் திரும்பிச் சென்றது எம் வீரத்தால் என்றே எம் நாட்டார் இதுகாறும் பெருமை பேசி வந்தனர். அரசியார் திகைத்து அடுப்பங்கரையிலேயே அமர்ந்துவிட்டார். அந்தப் பசியில் தாம் கண்டவற்றை ஏனாதியார் மேலும் சொல்ல முயன்றார், முடியவில்லை. அழுதார்.

குட்டி பிழைத்துக்கொண்டது. கண்ணும் திறந்துவிட்டது.

இனி வேந்தருக்கு அறிவிப்பது. ஏனாதியார் எல்லைப் பாசறையில் இல்லை என்றும், ஆடுகள் படைவீட்டுக்குள் ஓட்டிச் செல்லப்படுகின்றன என்றும் தங்கள் ஒற்றர் சொல்லக்கூடும். மருதவாய் படை திரட்டுகிறது என்று ஐயுற வேண்டா. எப்போது எல்லைக்குத் திரும்புவீர் என்று அரசியார் கேட்டதற்கு, குட்டி தானே நக்கிக் குடிக்கப் பழகட்டும், பார்க்கலாம் என்பதே அவர் தந்த விடை. திருமகளாரின் துயருக்கு அரசியார் தலை தாழ்த்துகிறார். இளவரசியார் குட்டியைக் காண விரும்பினால் வழிநெடுக வரவேற்பு உண்டு.

எல்லைக் காவலர் யாவரும் கருங்குன்றத்துத் தூதரைத் தடையின்றி விடுக. பிணையுயிர்க்கு இனி ஒருவரும் மஞ்சள் நீராட்டற்க. இது ஆணை.

ஆழிமாதேவியாரின் தாமரை முத்திரை மேலே இடப்பட்டது. அதன் கீழ் உள்ள வேல் முத்திரையை வேந்தர் உற்று நோக்குக. ஒருவரும் கேளாமலே, மார்பில் குட்டி உறங்க, இடக்கையால் எயினனார் தாமே பதித்தது அது.