பதினொரு தொட்டி சால்வியா

டிசம்பர் 12, 2024, பெர்ன்ஹில்

மகள் கெஸியாவின் பிரசவத்துக்காக என் மனைவி ஜூடித் இன்று கோவை கிளம்பினாள். மூன்று மாதம். அவளுடைய பதினொரு தொட்டி சால்வியா என் பொறுப்பு. உறைபனி தாங்காத பூச்செடிகள். அதில் கருநீலம் ஊட்டியில் வேறு யாரிடமும் இல்லை என்பது அவள் நம்பிக்கை. காரில் ஏறிய பிறகும் சொன்னாள்: “பொழுது சாய்ஞ்சா வராந்தாவுக்குள்ள இழுத்து வைங்க. பனி முடியிற வரைக்கும் கத்தரியத் தொடாதீங்க.”

முப்பத்திரண்டு ஆண்டு வரலாறு நடத்தியவன். பேரரசுகள் வீழ்ந்த காரணங்களை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுத வைத்தவன். தொட்டிகளா என்னை வெல்லும்?

டிசம்பர் 20

உள்ளே இழுத்தேன். வெளியே இழுத்தேன். இடுப்பு.

ஜனவரி 8

பக்கத்து வீட்டு ஜஸ்டஸ் மே மாத மலர்க் கண்காட்சிக்காக ரோஜாவைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். “இப்ப வெட்டுனாத்தான் மே மாசம் பூக்கும் சார். எந்தச் செடியா இருந்தா என்ன?”

நியாயமாகப் பட்டது. பதினொன்றையும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டினேன். இலையே இல்லாத செடியில் பனி எதைக் கருக்கும்? ஆகவே உள்ளே இழுக்கவில்லை.

ஜனவரி 9

புல் வெள்ளையாக இருக்கிறது. காபி குடித்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம்.

பார்த்தேன். கறுப்பு. பதினொன்றும் — தண்டு உள்ளே குழல் என்று யார் கண்டது? வெட்டுவாயில் ஈரம் இறங்கி, உறைந்து, அடிவரை பிளந்திருக்கிறது. ஐயோ, ஒரே ராத்திரியிலயா? என்னடா பண்ணி வச்சிருக்கே?

ஜனவரி 11

பேத்தி பிறந்திருக்கிறாள். போனில் அழுதேன், ஆனந்தக் கண்ணீர் என்று ஜூடித் எடுத்துக்கொண்டாள். “செடியெல்லாம்?” என்றாள். “வெச்சது வெச்ச இடத்துல இருக்கு” என்றேன். பொய்யில்லை.

ஜனவரி 27

மண்ணைக் கிளறினேன். வேரும் அழுகல். வீட்டு வேலைக்கு வரும் காளியம்மாளிடம், கருநீலச் சால்வியா எங்காவது கிடைக்குமா என்று ரகசியமாக விசாரித்தேன்.

“ஏனுங்க சார், தேடறீங்க? அம்மா நவம்பர்லயே எல்லாத்துலயும் நாலு நாலு குச்சி ஒடிச்சு எங்கிட்டக் குடுத்துட்டாங்க. எங்கூட்டுச் சன்னல்ல வேர் புடிச்சு நிக்குதுங்க.”

“எதுக்கு?”

“சார் இருக்கீங்கல்ல, அதுக்குத்தானுங்க.”

வெட்டப் போகிறேன் என்று எனக்கே ஜனவரி எட்டாம் தேதிதானே தெரியும்!

மார்ச் 15

ஜூடித் வந்தாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எந்தத் தேதி வெட்டினேன் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

“ஜனவரி கடைசி வரைக்குமாவது தாங்குவீங்கன்னு நெனச்சேன்.”

நவம்பர் 30

கெஸியா வேலைக்குத் திரும்புகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள எங்களில் ஒருவர் பனிக்காலம் முழுக்கக் கோவையில் இருக்க வேண்டும். “நீங்க போங்க,” என்கிறாள் ஜூடித். “நான் செடியோட இருக்கேன்.”

பத்து மாதக் குழந்தையை என்னை நம்பி விடலாமாம்.