சாரல் ஜலதோஷம்

9 ஜூன் 1957, ஞாயிறு

குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது. பன்னிரண்டு அறையும் நிறைந்துவிட்டது. லாட்ஜில் மானேஜராக எனக்கு இது ஆறாவது சீசன். முதல் வாரத்திலேயே அறை இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்புவது இதுதான் முதல் தடவை. முதலாளி மந்திரமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை.

பேப்பரில் மெட்ராஸ் காய்ச்சலைப் பற்றிப் போட்டிருக்கிறான். சிங்கப்பூர்க் கப்பலில் வந்ததாம். ஒருவர் இருமினால் வீட்டில் அத்தனை பேருக்கும் ஒட்டிக்கொள்கிறதாம். முதலாளியிடம் காட்டினேன். "அது மெட்ராஸுல வே பால்வண்ணநாதன். இங்கன மூலிகைத் தண்ணியில குளிக்கவனுக்கு என்ன காய்ச்சல்?" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

13 ஜூன், வியாழன்

ஏழாம் நம்பர் அறைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு குடும்பம். பெரியவருக்கு ரயில் ஏறியதிலிருந்து மேலெல்லாம் வலியாம். கண் சிவந்திருந்தது. எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் போய்விடும் என்று நான்தான் சொன்னேன். மேல்வலி என்று வருகிறவர்களுக்கு இங்கே வேறு என்ன சொல்வோம்?

அய்யாக்குட்டியை அனுப்பினேன். எண்ணெய் தேய்க்கிற ஆட்கள் மூவரில் அவன் கைதான் கை. ஒரு மணி நேரம் கழித்து வந்தான். "அண்ணாச்சி, அவுக மேலு அடுப்பாக் கொதிக்குது. கை வைக்க முடியல."

"அலைச்சல் சூடுலே" என்றேன்.

18 ஜூன், செவ்வாய்

ஏழாம் நம்பர்க்காரர்கள் நேற்றுக் கிளம்பிவிட்டார்கள். பெரியவரைக் கைத்தாங்கலாகத்தான் காரில் ஏற்றினார்கள். இன்று அய்யாக்குட்டி இருமுகிறான்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இருமிக்கிட்டே தேய்ச்சான்னா ரூமு பூரா காலியாயிரும். இன்னைக்கே ஊருக்கு அனுப்பும். காய்ச்சல் கீய்ச்சல்னு வாயத் தொறந்திராதீரும்."

அய்யாக்குட்டியிடம் போய், "ஒண்ணுமில்லலே, சாரல் ஜலதோஷம். ஊர்ல போயி நாலு நாள் கிடந்துட்டு வா" என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். அவன் மனைவி முத்துவடிவுக்கு ஏழு மாதம். சீசன் முடிகிறவரை பார்க்க முடியாதே என்று இருந்தவன். மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு கடையம் பஸ் ஏறினான்.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. நான் பேப்பர் படித்திருந்தேன்.

19 ஜூன்

கிராமத்தில் என்ன வந்துவிடப் போகிறது? திறந்தவெளி, நல்ல காற்று. நெருக்கியடித்து வாழ்கிற பட்டணத்து வியாதிதானே இது? — இப்படி எழுதிப் பார்த்தால் கொஞ்சம் சமாதானமாக இருக்கிறது.

26 ஜூன், புதன்

எங்கள் ஊர் தென்காசியே இருமுகிறது. பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி. எங்கள் வீட்டில் முதலில் நான் விழுந்தேன், இப்போது என் மனைவி கல்யாணசுந்தரி. யாரும் யார் வீட்டுக்குள்ளும் போக வேண்டாம் என்று டாக்டர் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு மெஹர் பானு கஞ்சித் தூக்கை வாசலில் வைத்துவிட்டு, "உள்ள வரல மதினி, தப்பா நெனைக்காதீய" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

5 ஜூலை, வெள்ளி

வேலைக்குப் போனேன். தென்காசியில் காய்ச்சல் வடிந்துவிட்டது. நாலு நாளில் வரச் சொன்ன அய்யாக்குட்டி பதினேழு நாளாகியும் வரவில்லை.

7 ஜூலை, ஞாயிறு

மனசு கேட்கவில்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு அவன் ஊருக்குப் போனேன். கடையத்தில் இறங்கி மூன்று மைல் நடை. நடவுக் காலம். வயலில் தண்ணீர் நிற்கிறது, நாற்றுக்கட்டு அப்படியே கிடக்கிறது, ஆள் இல்லை. அதைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டேன்.

நாற்பது வீட்டுத் தெரு. எழுந்து நடமாடியவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்கள் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். சீசனில் வராதவன் வந்திருக்கிறான் என்று தெருவே அவனைப் பார்க்க வந்திருக்கிறது. பழத்தைப் பங்கு வைத்துத் தின்றிருக்கிறார்கள். பெண்கள் எல்லோரும் மறுநாள் ஒன்றாக நடவுக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து மேல்வலி என்று படுத்தவர்களுக்கெல்லாம் அய்யாக்குட்டியே எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறான். குற்றாலத்துக் கையாயிற்றே!

தென்காசியில் இந்த வியாதி வீடு வீடாக வந்தது. நான் படுத்தபோது எதிர்வீட்டில் அடுப்பு எரிந்தது. அய்யாக்குட்டி ஊரில் ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் படுத்துவிட்டது. தண்ணீர் கொடுக்க ஆளில்லை. கடையம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக நாலு தோள் இல்லை.

அய்யாக்குட்டி சுவரில் சாய்ந்திருந்தான். "முத்துவடிவு போயிட்டா அண்ணாச்சி. பத்து நாளாச்சு. வயித்துப் பிள்ளையோட. தூக்கக்கூட ஆளில்ல. பக்கத்தூர்க்காரங்க வந்தாக." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காவ இம்புட்டுத் தூரம் வந்தீயளே" என்றான்.

எனக்கு முன்பே தெரியும் என்பதை அவனிடம் சொல்லவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

8 ஜூலை

ஒரு வார்த்தைதானே. இது ஒட்டுகிற காய்ச்சல்லே, இங்கனயே கிடன்னு சொல்லியிருக்கலாம்லா? லாட்ஜுப் பின்கட்டுல சாமான் ரூமு சும்மாதானே கிடந்தது? என்ன ஆகியிருக்கும் — என் வேலை போயிருக்கும். போகட்டுமே! பாவி, போகட்டும்னு விட்டிருக்கக் கூடாதா?

21 ஜூலை, ஞாயிறு

எந்தெந்தப் பட்டணத்தில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று பேப்பரில் வரிசையாகப் போட்டிருக்கிறான். அந்த நாற்பது வீடு எதிலும் இல்லை. யார் போய் எண்ணினார்கள்? லாட்ஜில் அறைகள் மறுபடி நிறைந்துவிட்டன. "பாத்தீரா, நான் சொல்லல?" என்கிறார் முதலாளி. அவரைத் திட்டி என்ன, சொன்ன வாய் என்னுடையது.

15 செப்டம்பர், ஞாயிறு

சீசன் முடிந்தது. மறுபடி அவன் ஊருக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன், பேப்பர், மெட்ராஸ்காரர், முதலாளி பேச்சு, நான் சொன்ன பொய், எல்லாம்.

கேட்டு முடித்ததும் என்னை நேராகப் பார்த்தான்.

"அப்பமே தெரியுமா?"

"தெரியும்லே."

"சொல்லியிருந்தா ஊருக்கு வெளிய தோப்புலயே கிடந்திருப்பேன். வீட்டுக்குள்ள போயிருக்க மாட்டேன். முத்துவடிவு காலு வலிக்குன்னா... ரெண்டு நாளும் நான்லா தேய்ச்சுவிட்டேன். ஒருத்தர் மேலயும் கைய வச்சிருக்க மாட்டேனே!"

திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டான். அடித்திருந்தால் தேவலை.

14 ஜூன் 1958, சனி

சாரல் பிடித்துவிட்டது. காலையில் அய்யாக்குட்டி வந்து நின்றான். வருவான் என்று நான் நினைக்கவே இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "அது வேண்டாம். வெந்நீர் போடுதேன்" என்றான்.

மத்தியானம் மதுரையிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். "அய்யாக்குட்டின்னு ஒருத்தர் கை ரொம்ப நல்லா இருக்குமாமே, அவரை வரச் சொல்லுங்க" என்றார். வெந்நீர் வாளியோடு அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"அவன் இப்பம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, அவனே வாளியை உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

நான் வேறு ஆளை அனுப்பினேன்.