கயிறு இல்லாத இருட்டறை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மூன்று மாதமாக அழுது வடிந்துகொண்டிருந்த நம் குளியலறைக் குழாய் இன்று காலை ஏழு மணிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. குழாய் உட்பட எல்லாரும் இங்கே சௌக்கியம் அக்கா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். சொல்வது அவர், எழுதுவது நான், ஏனென்றால் அட்டை வெட்டும் கத்தி அவர் வலது கட்டைவிரலையும் ஒரு கை பார்த்துவிட்டது, நாலு தையல். அவர் ஒரு வரி சொன்னால் நான் மூன்று வரி எழுதுவேன், கண்டுகொள்ளாதே.

விரலை விடு, அவர் பயமே வேறு. அறிவியல் அருங்காட்சியகத்தில் இப்போது ஒரு இருட்டறை கட்டுகிறார்கள். கண் இல்லாமல் உடம்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று காட்டுவதற்காம். அப்பாவின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, முதலில் அட்டையிலும் ஒட்டு நாடாவிலும் கட்டி, ஆட்களை உள்ளே விட்டு, எங்கே முட்டுகிறார்கள் எங்கே முழிக்கிறார்கள் என்று பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பார், வந்தவர் தடுமாறினால் தப்பு நம்முடையது என்பார். வெளியே போகும் வழிக்கு, இருட்டில் மினுங்குகிற கயிறு ஒன்று கட்டியிருந்தார். புது இயக்குநர் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, தொலைந்துபோனால்தானே தேடுவார்கள், கயிறு வேண்டாம் என்றார். அப்பா, ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்றார். சோதனை எலி வேறு யார், உன் அருமைத் தம்பிதான். கயிறு இல்லாமல் நாலே நிமிடம் அக்கா, விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தேன், வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அப்பா குறிப்பேட்டில் “வயது பதினாலு, பயம் இல்லை” என்று எழுதினார், அன்றைக்கே கயிறு அவிழ்ந்தது.

சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் வருகிறார்கள், ஒவ்வொருவராக உள்ளே போகவேண்டும். நாலு நாளாக அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை, உள்ளே ஒரு பிள்ளை பயந்து குரல் கொடுக்காமல் உட்கார்ந்துவிட்டால் வெளியே யாருக்குத் தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். வீட்டில் நம் அம்மாவும் தன் பங்குக்கு, அந்தக் கயிற்றைக் கட்டித் தொலைத்தால் என்ன என்கிறாள். அவர் போய்க் கேட்டதற்கு இயக்குநர் சொன்ன பதில், “உங்க பையனே விசிலடிச்சிட்டு வந்தானே சார்.”

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வாடகை வீட்டுச் சாவியில் ஒன்றைத் தோழியிடம் கொடுத்துவை, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு என்று அப்பா சொல்லி முடித்துவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறார். இனி வருவது அவர் சொன்னது இல்லை.

அக்கா, நான் அந்த அறையை முழுசாகக் கடக்கவே இல்லை. இரண்டாவது திருப்பத்தில் கையை நீட்டினேன், சுவர் இல்லை. பின்னால் நீட்டினேன், அங்கேயும் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தவழ்ந்து தவழ்ந்து கையில் தட்டுப்பட்ட அட்டைச் சுவரை அடியில் பெயர்த்து, அப்பாவின் பட்டறைப் பக்கம் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு போய், வெளியே வரும் வழியில் தொங்கும் திரைக்குப் பின்னால் நின்று விசிலடித்தேன். அப்புறம் யாரும் பார்க்காதபோது பெயர்த்த இடத்தில் ஒட்டு நாடா போட்டதும் நான்தான். அவர் பயப்படுகிற அந்தப் பிள்ளை ஏற்கனவே உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது. நேரில் சொல்ல நாலு நாளாக முயற்சி பண்ணுகிறேன், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஜோக்தான் வருகிறது. இது உன் கைக்கு வருவதற்குள் சனிக்கிழமை போய்விடும், தெரியும். ஆனால் அப்பா ஒரு வரி விடாமல் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். இடது கையால் போடட்டும் என்று பேனாவோடு இதை மேஜைமேல் வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நிற்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா
(கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்)