மோதிர அளவு

வெள்ளவத்தை,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி அருந்ததி எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் சுகம், நீங்களும் மச்சாளும் மருமகன் கிஷாந்தும் சுகமோ எண்டுதான் தொடங்கவேணும். ஆனா அந்த வசனம் பேனைக்கு வருகுதில்லை.

வட்ஸப் இருக்கேக்குள்ள இவளுக்கு என்ன கடிதம் எண்டு யோசிப்பீங்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில போட்டால் பக்கத்தில மச்சாள் இருப்பா. இஞ்ச பக்கத்தில இவர் இருப்பார். அதுதான் லண்டன் வாற சாந்தகுமாரிட்ட, மிளகாய்த்தூள் பாசலோட சேர்த்துக் குடுத்துவிடுறன். நான் எழுதினது இவருக்குத் தெரியாது.

கலியாண அலுவல் எல்லாம் நடக்குது. தைக்கு ஹோல் புக் பண்ணியாச்சு. கூறைச்சீலை அரக்கு நிறத்தில எடுத்தம், தனுஷியாவுக்கு நல்ல சந்தோஷம். என்ர மகள் பிறந்த அண்டைக்கே உங்கட மகனுக்குத்தான் எண்டு முடிச்சுப் போட்டது நீங்களும் நானும்தான். மச்சான் மச்சாள், சொந்த இரத்தம், பிறத்தியில தேடி ஏமாறத் தேவையில்லை எண்டு எவ்வளவு பெருமையாக் கதைச்சம். இப்ப அந்தச் சொந்த இரத்தம்தான் அண்ணா எனக்குப் பயமா இருக்கு.

தனுவுக்குச் சுகமில்லை. ஒப்பிசில ஏசிக்குள்ள இருந்தால் விரல் வெள்ளையாப் போய், பிறகு நீலமா மாறும். முதல்ல கண்டது அவளோட வேலை செய்யிற பஹ்மியாதான். அந்தப் பிள்ளைதான் பயந்து எனக்குப் போன் எடுத்தது. நான் இரத்தம் காணாது எண்டு முருங்கைக்கீரையும் ஈரலும் குடுத்துக்கொண்டு இருந்தன், விசரி! பிறகு விரல் தடிச்சு, போட்டிருந்த மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுத்தான் கழட்டினது. டொக்டர் அம்மா நகக்கண்ணைப் பூதக்கண்ணாடியால பாத்து, இரத்தமும் சோதிச்சுப்போட்டு, ஸ்கிளெரோடெர்மா தொடங்குது எண்டு சொன்னா. தோல் இறுகிற வருத்தமாம். உடம்பு தன்னைத்தானே எதிரி எண்டு நினைச்சு அடிக்குமாம். கவனிக்காமல் விட்டால் நெஞ்சுக்குள்ளயும் இறங்குமாம்.

குடும்பத்தில வேறை ஆருக்கும் இருந்ததோ எண்டு கேட்டா. இல்லை எண்டு சொல்ல வாயைத் திறந்தனான் அண்ணா, எங்கட பெரியக்கா கண்ணுக்கு முன்னால வந்து நிண்டா. சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து சாவகச்சேரியில இருக்கேக்குள்ள அவவுக்கு விரல் மடங்காமல், வாய் திறக்கேலாமல், கடைசியில மூச்சும் எடுக்கேலாமல் போனது. வாதம் எண்டு எண்ணெய் பூசினம். அந்த நேரம் டொக்டருக்கு எங்க போறது?

வருத்தம் அப்பிடியே தாய் தகப்பனிட்ட இருந்து வாறதில்லையாம். வரக்கூடிய தன்மைதான் ஜீனில வருமாம். கனபேருக்கு அது இருந்தும் சாகும்வரை ஒண்டும் வராதாம். ஆனா ஒரு குடும்பத்தில ரெண்டு பேருக்கு எண்டால் மற்றவையையும் ஒருக்கால் பாக்கவேணுமாம். மாப்பிள்ளை என்ன சொந்தம் எண்டு கேட்டா. அண்ணான்ர மகன் எண்டன். ஒரே இரத்தம் ரெண்டு பக்கத்தாலயும் வந்தால் பிறக்கிற பிள்ளைக்கு ஆபத்துக் கூடலாம், எவ்வளவு எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது எண்டா. பிறகு, மாப்பிள்ளையின்ர கை எப்பிடி எண்டு கேட்டா. அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறான் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

இவர், ஒருத்தருக்கும் மூச்சு விடாதை, தாலி ஏறினாப் பிறகு பாப்பம் எண்டார். நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தன், போன கிழமை செட்டியார் தெரு நகைக்கடைக்குப் போகும் வரைக்கும்.

கிஷாந்துக்கு நாங்கள் போடுற மோதிரத்துக்கு மாசியில ஒரு அளவு அனுப்பினீங்கள். வைகாசியில அதைவிடப் பெரிசு அனுப்பினீங்கள். இப்ப, மோதிரம் வேண்டாம், சங்கிலியாப் போடுங்கோ, இந்தக் காலத்துப் பெடியள் மோதிரம் போடுறதில்லை எண்டு சொல்லுறீங்கள். நான் இதைச் சொல்ல, மாப்பிள்ளை நல்லாக் கொழுத்திட்டாரோ அம்மா எண்டு பத்தர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. படத்தில பாத்தால் பொடியன் மெலிஞ்செல்லே போனான். ஆள் மெலிய விரல் மட்டும் கொழுக்குமோ அண்ணா?

வீட்டை வந்து யோசிக்க யோசிக்கத்தான் மற்றதும் தெரிஞ்சது. ஆடி மாசம், அங்க வெய்யில் எரிக்கிற நேரம், அவன் வீட்டுக்குள்ள கையுறை போட்டுக்கொண்டு என்னோட கதைச்சவன். குளிர் மாமி எண்டான். பின்னால நீங்கள் வெக்கைக்கு நீட்டுக்கைச் சட்டையை மடிச்சு விட்டுக்கொண்டு நிண்டீங்கள். ரெண்டு வசனத்துக்கொருக்கால் இருமினான். மச்சாள் வந்து போனை வாங்கிப்போட்டு மழையைப் பற்றிக் கேட்டா.

நான் உங்களில கோவிக்கேல்லை. நாங்கள் இஞ்ச என்ன செய்தமோ அதைத்தான் நீங்களும் அங்க செய்யிறீங்கள் எண்டு நினைக்கிறன். கலியாணம் நிண்டால் நிக்கட்டும். தனுவுக்குச் சொல்லி நான் அழுது முடிக்கிறன். ஆனா அந்தப் பிள்ளையை ஒளிச்சு வைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ. நெஞ்சைச் சோதியுங்கோ. பெரியக்காவுக்கு வாய் திறக்கேலாமல் போனபோது சின்னக் கரண்டியால கஞ்சி பருக்கினது நீங்கள்தானே. அந்த விரல்களைப் பிடிச்சு நீவி விட்ட ஆள் நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

கதிரேசன் கோயிலில கிஷாந்தின்ர பேருக்கும் தனுவின்ர பேருக்கும் அர்ச்சனை செய்திட்டுத்தான் இதை எழுதிறன். முருகன் என்னைப் பொய்க்காரி ஆக்கட்டும். கடிதம் கிடைச்ச உடன வீடியோவில வாங்கோ. விசரி, கலியாண வீட்டில அபசகுனம் கதைக்கிறாய் எண்டு என்னை வாய் நிறையப் பேசுங்கோ, கேட்டுக்கொண்டு இருக்கிறன். ஆனா முதல்ல அவன்ர கையுறையைக் கழட்டிக் காட்டிப்போட்டுப் பேசுங்கோ அண்ணா.

உங்கள் அன்புத் தங்கச்சி,
அருந்ததி