சத்தமில்லாத இறக்கம்

இன்று காலை உன் கடை இருந்த முனையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். சுற்றுலா வந்த வேன் ஒன்று மேலிருந்து இறங்கி என் பக்கத்தில் நின்றது. நின்றதும் பிரேக் தீய்ந்த நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். நீ இருந்திருந்தால் தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலே, "செகண்டு கியர்ல எறங்குறதுக்கு இவனுக்கு என்ன நோவாம்?" என்று கேட்டிருப்பாய். ஸ்டீரிங்கைத் தொட்டே பார்க்காமல் ஏற்காட்டு ஜீப்காரர்கள் அத்தனை பேருக்கும் கியர் சொல்லிக்கொடுத்த தையல்காரன் நீ ஒருவன்தான்.

நீ போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கடையை இடித்துவிட்டு அங்கே லாட்ஜுக்குப் படிக்கட்டு எழுப்புகிறார்கள். நீ தைத்த காக்கிச் சட்டையைத்தான் போட்டிருக்கிறேன். இதிலும் இடது கை ஒரு விரல்கடை நீளம். இத்தனை வருடம் எனக்குத் தைத்தும் என் கையை நீ சரியாக அளந்ததே இல்லை. கேட்டால், "கையி வளைஞ்சு கெடக்குது மாப்ள, சட்டையில தப்பில்ல" என்பாய்.

அந்தக் காலத்தில் இந்தத் தெரு நன்றாக இருந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். எழுபதுகளின் கடைசி அது. ஜல்லியும் சேறும்தான் ரோடு. ஏரிப் பக்கம் போகும் பஸ் கடந்தால், நீ தைத்துத் தொங்கவிட்ட வெள்ளைச் சட்டையெல்லாம் செம்மண் நிறமாகிவிடும். உன் கடைக்கு எதிரே எஸ்டேட்டுப் பாதையின் கல்படிகள் நேராக ரோட்டில் வந்து இறங்கும். பாறை ஒன்று துருத்திக்கொண்டு வளைவை மறைக்கும். ஆனாலும் அங்கே யாருக்கும் அடிபட்டதில்லை. மூடுபனி இறங்கிவிட்டால் நம் சனம் கண்ணை நம்பாது. எஸ்டேட்டுப் பெண்கள் கடைசிப் படியில் நிற்பார்கள். தலையில் மடித்துப் போட்ட சாக்கைக் காதிலிருந்து விலக்கிக் கேட்பார்கள். ஜல்லியில் டயர் நெரிபடும் சத்தம் இல்லையென்றால் இறங்கி நடப்பார்கள். அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் வழக்கம் வேறு. மஞ்சக்குட்டை ஊருக்கு ஜீப் ஓட்டிய நாங்கள் எல்லோரும் கடைசி இறக்கம் வந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, பஜார் வரை வண்டியைத் தானாக இறங்கவிடுவோம். பெட்ரோல் மிச்சம் என்பது பேர்தான். யார் வண்டி தள்ளாமல் கொள்ளாமல் ஸ்டாண்டு வரை வந்து நிற்கிறது என்று எங்களுக்குள் ஒரு வீம்பும் இருந்தது. அதில் நான்தான் எப்போதும் முதல். உன் கடை வாசலைத் தாண்டும்போது கையை வேறு ஆட்டிவிட்டுப் போவேன்.

தார் ரோடு வேண்டும் என்று ஆரம்பித்தவன் நீ. லாட்ஜுகள் முளைக்க ஆரம்பித்த சமயம். ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாக, வெள்ளக்கடை ஊர் வரைக்கும் போய்க் கையெழுத்து வாங்கினாய். ரோடு அகலமானபோது முதலில் போனது உன் கடையின் முன்பக்கம்தான். மூன்றடியை வெட்டிக் கொடுத்துவிட்டு, மெஷினை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டு, "இனிமே துணி வெள்ளையா இருக்கும்டா" என்று சிரித்தாய். பாறையை உடைத்தார்கள். வளைவை நிமிர்த்தினார்கள். புதுத்தாரில் என் வண்டி எண்ணெயில் வழுக்கின மாதிரி இறங்கியது. வளைவே இல்லாத இடத்தில் ஹாரன் எதற்கு என்று அதையும் விட்டுவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் அன்றைக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மத்தியானமே பனி மூடிய ஒரு நாள். காலி வண்டியோடு நான் இறங்கி வருகிறேன். எஸ்டேட்டில் வேலை செய்த கிளியூர் சின்னப்பொண்ணு, தன் மகளுக்குத் தைக்கக் கொடுத்த பாவாடையை வாங்க உன் கடைக்கு வருகிறாள். கடைசிப் படியில் நின்றாள், சாக்கை விலக்கினாள், கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கினாள்.

அடிபட்டவளை என் ஜீப்பிலேயே சேலத்துக்குக் கொண்டுபோனோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நீ, "பாத்து போடா, பாத்து போடா" என்றாய். உயிர் பிழைத்தாள். வலது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் நான், "பாக்காம எறங்கிட்டாங்க" என்றேன். தெருவும் அப்படியே பேசியது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரும் தலையாட்டினார். நீ ஒருவன்தான் மெஷினில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தாய். உன் காதிலும் அன்றைக்கு எந்தச் சத்தமும் விழவில்லை அல்லவா?

மூன்றாம் நாள் கடைக்குள் கூப்பிட்டாய்.

"சாவியத் திருப்பிட்டுத்தான வந்த?"

"எல்லாருந்தான் அப்படி வர்றோம். என்னைய மட்டும் கேக்கற?"

"நீதான் அந்தப் புள்ளைய இடிச்சுத் தள்ளுன. போயிச் சொல்லீரு."

"தார் வேணும்னு கையெழுத்து வாங்குனியே, அத யாரு போயிச் சொல்றது?"

நீ கோபித்துக்கொள்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்தாய். "அதையுந்தான் ரெண்டு நாளா நெனைச்சிட்டிருக்கறேன். ரோட்டுச் சத்தத்த நான் எடுத்துட்டேன், வண்டிச் சத்தத்த நீ எடுத்துட்ட. அந்தப் புள்ளைக்கு மிச்சம் என்னடா இருந்துச்சு?"

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உன் முகத்தில் முழிக்கக் கூடாது என்று இருந்தேன். புதுச் சட்டையை வேறு கடையில் கொடுத்துத் தைத்தேன். அங்கே கை சரியாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

சின்னப்பொண்ணு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி, கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அதே படியில் அவளைப் பார்த்தேன். அன்றைக்குப் பனி இல்லை. நான் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவள் அசையவில்லை. ஜீப் கடகடவென்று அலறிக்கொண்டிருக்கிறது. அவளோ பக்கத்தில் நின்ற மகளிடம், "வண்டி ஓடுதா கண்ணு, நின்னிருக்குதா? அம்மாவுக்குச் சரியாத் தெரியல" என்று கேட்டாள்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். "அன்னைக்கு எஞ்சின் ஓடலீங்க. நான் அமத்திட்டு வந்தேன். ஹாரனும் அடிக்கல. தப்பு என்னுதுங்க."

அவள் என்னைத் திட்டவில்லை. "அப்ப என் காது நல்லாத்தானுங்க இருக்குது?" என்றாள். "எல்லாரும் பாக்காம எறங்குனேன்னாங்க. நான் கேட்டனே, ஒண்ணுமே கேக்கலியேன்னு இருந்தேனுங்க. காது போயிருச்சுன்னு நொம்பப் பயந்துட்டேனுங்க." சொல்லிவிட்டு அங்கேயே அழுதாள், அழுகையோடு சிரிக்கவும் செய்தாள். ஒடிந்த காலைவிட அதுதான் அவளை அத்தனை நாளும் தின்றிருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

அங்கிருந்து நேராக உன் கடைக்கு வந்தேன். நீ நாடாவை எடுத்து என் கையை அளந்தாய். மறுவாரம் நாம் இரண்டு பேரும் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேசினோம். இறக்கத்தில் எவனும் சாவியைத் தொடக் கூடாது என்று முடிவானது. எவனாவது சத்தமில்லாமல் வந்தால் நீ கடைக்குள்ளிருந்தே கத்துவாய். அப்புறம் வேகத்தடை வேண்டும் என்று மறுபடியும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். "தார் போடவும் நீயே வந்த, தார் மேல மேடு போடவும் நீயே வர்ற, உனக்கு என்னதாம்ப்பா வேணும்?" என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார். "ரெண்டும் வேணுங்க" என்றாய். வேகத்தடை வர ஆறு வருடம் ஆனது. நீ அலுக்கவே இல்லை.

ஒன்றை மட்டும் நான் உன்னிடம் பேசியதே இல்லை. தானாக வந்து தப்பை ஒத்துக்கொண்ட மனுசன் என்று சின்னப்பொண்ணு என்னை ஊரெல்லாம் சொல்லிவந்தாள். உன் எதிரிலேயே ஒருமுறை சொன்னாள். நீ நூலைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாய். நானும் நல்ல பேரை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

போன வாரம் லாட்ஜ் வேலை நடக்கும் இடத்தில் அவளைப் பார்த்தேன். உன் கடை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நானா வந்து சொல்லலீங்க. முதல்ல சொல்லச் சொன்னது அவன். நான் அவனோட சண்டை போட்டுட்டுத் திரிஞ்சேன்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்படிங்க?"

"நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளே, தைச்ச பாவாடைய எடுத்துக்கிட்டு ஊட்டுக்கு வந்தாருங்க. 'இது எப்படி ஆச்சுன்னு ஒருத்தன் வந்து உங்ககிட்டச் சொல்லுவான். கொஞ்சம் நாளாவும். ஆனா கண்டிப்பா வந்துருவான், நல்லவன். அதுவரைக்கும் அவன வையாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாருங்க."

அவள் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். நாம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த நாட்கள் அவை. உன் கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அப்போதுதான் நீ கிளியூர் வரைக்கும் நடந்து போய் எனக்காக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். என்னைப் பற்றி அத்தனை உறுதியாக யாரும் பேசியதில்லை. அதை நினைத்து நினைத்து அழுகிறேன், மாப்ள. நீ அவளிடம் அதைச் சொன்ன அன்றைக்கு, நான் போய்ச் சொல்வதாகவே இல்லை.