மூன்றாம் எண் பாட்டில்

அன்பு மகளுக்கு,

அம்மா நலம், நான் நலம், கூரை இன்னும் ஒழுகவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. காலையிலிருந்து வானம் மூடிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கடிதத்தை நாலு முறை தொடங்கி நாலு முறையும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். "உட்கார்ந்தா உட்காருங்க, வீட்டுக்குள்ள ரயில் ஓட்டாதீங்க" என்கிறாள் அம்மா.

தெருவில் ஓடும் மழைநீர் நிலத்துக்குள் இறங்க உறிஞ்சு குழிகள் வெட்டியது என் யோசனை என்று உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அப்போது வடிகால் பிரிவில் எனக்குக் கீழே ஒருவன் இருந்தான், கோப்பில் எல்லாவற்றையும் சிவப்பில் எழுதுவதால் சிவப்பு மை என்று கூப்பிடுவோம். மெக்கானிக் ஷெட்டும் பேட்டரிக் கடையும் உள்ள தெரு, முதல் மழை கழுவி வரும் அழுக்கை வெளியே விட்டுவிட்டுத்தான் குழியைத் திறக்க வேண்டும் என்று எழுதினான். வீண் செலவு என்று அந்த வரியை அடித்தேன். பிறகு அவன் எனக்கு மேலே போய் உட்கார்ந்தான், நான் அதே நாற்காலியில் தேய்ந்தேன். பதினெட்டு வருடமாக அவன் எதிரே வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

உன் ஆராய்ச்சிக்கு இப்படிக் குழி வெட்டிய ஆறு ஊர்களிலிருந்து கிணற்றுத் தண்ணீர் கேட்டாய், நம் கிணற்றுக்கு மூன்றாம் எண் பாட்டில். மற்ற ஊர்களில் குழிகளை ஒட்டிய கிணறுகளில் ஈயமும் எண்ணெயும் இருக்கின்றன, நம் கிணறு மட்டும் சுத்தம், ஏன் என்று புரியவில்லை, ஆனால் அப்பாவின் குழி ஜெயித்துவிட்டது என்று எழுதினாய். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் ஊர்வலம் போனேன். சிவப்பு மையின் வாசலில் நின்று சத்தமாகவே படித்தேன். அவன் சண்டைக்கு வந்திருக்கலாம். "நல்லது சார், நான் நினைச்சது தப்பா இருந்தா சந்தோஷம்தான்" என்றான்.

மகளே, மூன்றாம் எண் பாட்டிலில் நான் நிரப்பி அனுப்பியது கடையில் வாங்கிய கேன் தண்ணீர். உனக்கு அனுப்ப நம் கிணற்றிலிருந்து வாளியை மேலே இழுத்தபோது வானவில் மாதிரி ஒரு படலம் மிதந்தது, அவன் எழுதிய வரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கை தானாகச் செய்துவிட்டது என்று எழுத மாட்டேன். நான்தான் செய்தேன்.

நான் படித்துக் காட்டியதை நம்பித் தையல்காரர் வீட்டில் கேன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அவர் மருமகள், ஆறு மாத வயிறு, நம் கிணற்றில்தான் குடம் நிரப்பினாள். "உங்க பொண்ணே சொல்லிடுச்சே மாமா" என்று சிரிப்பாள். நேற்று அந்தக் குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தேன், காரணம் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீரில்கூடக் கஞ்சன் என்று தெரு பேசியது, அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. இன்று காலை தையல் கடைக்குப் போய், துணி வாங்க நின்றவர்கள் முன்னாலேயே சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தினார். "எத்தனை நாளா குடிச்சிருக்கா சார்?" என்றார். பதினோரு நாள் என்றேன். அதன்பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வேறு என்ன கேட்க வேண்டும் என்று உடனே ஃபோனில் சொல்.

அங்கிருந்து நேரே சிவப்பு மையின் வீட்டுக்குப் போனேன். திட்டுவான் என்று பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே "சாக்கு இருக்கா?" என்று மட்டும் கேட்டான். கிழவர்கள் இரண்டு பேரும் மண் மூட்டை கட்டி மழைக்கு முன்னால் எல்லாக் குழி வாயையும் அடைத்தோம். இடுப்பு போய்விட்டது.

பழைய மூன்றாம் எண் முடிவை அழித்துவிடு. சிவப்பு மையின் அந்த வரியை அடித்தது யார் என்று உன் அறிக்கையில் எழுது, அப்பா என்று பார்க்காதே. புதுப் பாட்டில் கூரியரில் வருகிறது. நம் கிணற்றில் அதை நிரப்பியவன் அவன், மூடியவன் அவன், சீட்டில் சிவப்பில் கையெழுத்து போட்டவனும் அவன்தான். நான் கயிற்றை மட்டும் பிடித்தேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், என்னைவிட நேர்மையாக இருக்க வேண்டும். தூறல் விழுகிறது, மூட்டைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் அப்பா