அமைதி நேரத்துக்குச் சரவெடி

திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். காயப்போட்ட துணியில் அப்பா வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்தின் கரித்தூசி, மறுபடி அலசல். ரவிக்கை ஆர்டர் மூன்று தைக்கவேண்டும்.

உயிரியல் பூங்கா அதிகாரி போன் செய்தார். பூங்காவுக்கு விருதாம், ஒன்றுக்கு இரண்டு. வெண்கழுத்து நாரைகள் அங்கே கூடு கட்டியதற்கு ஒன்று. ‘எல்லோரையும் அரவணைக்கும் பூங்கா’ என்று இன்னொன்று. இரண்டாவது என் தங்கை தேவியால் வந்தது என்று அவர் வாயாலேயே சொன்னார். சனிக்கிழமை விழாவுக்கு அவளைக் கூட்டிப் போகவேண்டும். நான் மேடையேறி நன்றி சொல்லவேண்டும்.

"மேளம், வெடி எதுவும் இருக்குமா சார்? அவளுக்குச் சத்தம் ஆகாது."

"நாரைங்க அடைகாக்குது மேடம். நாங்களே சத்தம் போடுவோமா?"

நம்பினேன்.

புதன்
வெயில் ஏறுவதற்குள் பூங்கா. புதன்தோறும் பொதுமக்களை விடுவதற்கு முன்னால் தேவி மாதிரி ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டும் கேட் திறப்பார்கள். அதற்குப் பெயர் அமைதி நேரம்; அந்த இரண்டாவது விருது இதற்குத்தான். தேவிக்கு இருபத்தாறு வயது. பேச்சு கிடையாது. கடை, கோயில், பஸ் எதுவும் முடியாது. குக்கர் விசில் அடித்தாலே மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். அம்மா போன பிறகு மின்நிலையக் குவார்ட்டர்ஸை விட்டு அவள் வெளியே வருவது இதற்கு மட்டும்தான்.

ஆண் நாரை குச்சி கொண்டுவந்து கூட்டில் செருகியது. தேவியின் தொண்டைக்குள் ஒரு சின்னச் சத்தம். சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

கூண்டைப் பார்த்துக்கொள்ளும் குமார் சொன்னான்: "ரெண்டு முட்ட இருக்குதுக்கா. தேவி பாட்டுக்குப் பாத்துகினு இருக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க."

வாங்கவேண்டியது: பால், அப்பா மாத்திரை, வெள்ளை நூல்கண்டு. தேவியின் புதுச் சுடிதாரில் லேபிள் வெட்டணும், குத்தும்.

சனி
இதை எழுதியே ஆகவேண்டும்.

பந்தல் நாரைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே. எங்களுக்கு முன்வரிசை. சிறப்பு விருந்தினர் கார் உள்ளே நுழைந்ததும் சரவெடி. கூடவே தவில்.

தேவி தரையில் விழுந்து நாற்காலிக் காலில் தலையை மோத ஆரம்பித்தாள். நடுவில் என் கையைக் கொடுத்தேன். விரல் வீங்கியிருக்கிறது. அப்பா அவள் காதைப் பொத்திக்கொண்டே அழுதார். அம்மா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நாரைகள் கம்பிவலையில் மோதி மோதி விழுந்தன. குமார் வெடி கொளுத்தியவர்களிடம் ஓடினான். "நிறுத்துங்கய்யா, முட்ட மேலயே மிதிக்குதுங்க." யாரும் நிறுத்தவில்லை. சரம் தானாகத் தீர்ந்தது.

அதிகாரி குனிந்து என்னிடம் சொன்னார்: "கொஞ்சம் ஓரமா கூட்டிட்டுப் போங்க மேடம். நார்மல் ஆனதும் ஒரு போட்டோ மட்டும்."

ஒரு போட்டோ மட்டும்.

அப்பாவோடு அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். திரும்பி வந்து, யாரும் கூப்பிடாமலே மேடை ஏறி, மைக்கைப் பிடித்தேன்.

"அமைதியா வச்சிருக்கோம்னுதான இந்த விருது? இப்ப வெடிச்சது என்ன? என் தங்கச்சி மண்ட வீங்கிப்போய்ப் போறா. அந்தக் கூண்டுல முட்ட ஒடஞ்சி கெடக்குது. எறங்கிப் போய் அதைப் பாத்துட்டு வந்து வாங்குங்க."

மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்த பிறகும் கத்தினேன். முன்வரிசையில் எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவில்காரர் மட்டும் தவிலைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். நான் கீழே இறங்கியதும் விருதைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிறு
தேவி குளியலறையை விட்டு வரவில்லை. சோறும் அங்கேயே. அப்பா இரண்டு வாய் ஊட்டினார், துப்பிவிட்டாள்.

குமார் போன். "ரெண்டும் போச்சிக்கா. பொட்ட கூட்டுப் பக்கமே போவ மாட்டேங்குது."

அதிகாரியும் போன் செய்தார். "வெடி எங்களுக்கே தெரியாம நடந்துடுச்சி, மனசுல வச்சிக்காதீங்க." போனை வைத்துவிட்டேன். எங்கே வைத்துக்கொள்வதாம், மனசில் இல்லாமல்?

செவ்வாய்
ரவிக்கை கொடுத்துவிட்டு வரும்போது பூங்கா கேட்டில் பெரிய ஃபிளெக்ஸ். இரண்டு கேடயம், நடுவில் தேவி, பழைய படம். அதற்குக் கீழேயே ஒரு தாள்: நிர்வாகக் காரணங்களால் அமைதி நேரம் நிறுத்திவைக்கப்படுகிறது.

உள்ளே போய்ப் படத்தை எடுக்கச் சொன்னேன்.

"நீங்க சம்மதம் குடுத்ததுதான மேடம்," என்றார் அதிகாரி.

"அமைதி நேரத்துக்குக் குடுத்தேன் சார். அதையே நிறுத்திட்டீங்களே."

"மேல கேக்கணும்."

வீட்டுக்குப் போய்த் துணி வெட்டும் கத்திரியும் ஸ்டூலும் எடுத்து வந்தேன். பட்டப்பகல். ஸ்டூல் மேல் ஏறி, தேவியை மட்டும் வெட்டி எடுத்தேன். அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்த கேடயத்தில் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது. வரட்டும்.

செக்யூரிட்டி அண்ணன் வந்தார். "கம்ப்ளெயின்ட் ஆயிடும்மா."

"ஆவட்டும்ணே."

அவர் ஆடிய ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

புதன்
மழை வரும் போலிருக்கிறது. அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் வந்தார், சட்டையைக் கழற்றினார். தேவி குளியலறையிலிருந்து தானாக வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நெற்றியில் வீக்கம் கறுத்துவிட்டது. இன்று புதன் என்று அவளுக்கு எப்படியோ தெரிகிறது.

"இன்னிக்கி இல்லன்னு சொல்லும்மா," என்றார் அப்பா.

"நீங்க சொல்லுங்கப்பா."

அவர் கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொள்கிறார். கேட்டைத் திறக்கவில்லை என்றால் திறக்கும்வரை அங்கேயே நிற்பது. மூன்று பேரும்.